ரேம்ப் வாங்கி வீட்டிலேயே ஆயில் மாற்றினால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? நான் விட்டுவிட்ட கணக்கு



கார் செலவைக் குறைப்பது பற்றி முன்பு போட்ட வீடியோவில் ஒரு வழி சொல்லியிருந்தேன். "ஆயில் மாத்துறதுக்கு சர்வீஸ் சென்டர் போக வேண்டாம், ஒரு ஜோடி ரேம்ப் வாங்கினா போதும், வீட்டிலேயே முடிச்சிடலாம்" என்று. அந்த "போதும்" என்ற வார்த்தையை இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

வீடியோ போட்ட அடுத்த மாதம். திருச்சியில் எங்கள் வீட்டு போர்டிகோ. ஞாயிற்றுக்கிழமை காலை. புதுசாக வாங்கிய பிளாஸ்டிக் ரேம்ப் இரண்டையும் முன் டயர்களுக்கு எதிரே வைத்தேன். ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் நின்று வழி சொல்ல என் மச்சான். காருக்கு நேர் எதிரே, வாசல் படியில், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது அவர் தினமும் உட்காரும் இடம். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

முதல் கியரில் லேசாக கிளட்சை விட்டேன். டயர் ஏறவில்லை. ரேம்ப்தான் ஓடியது. டைல்ஸ் மேல் சர்ரென்று போய், படியில் மோதி நின்றது. அப்பாவின் காலுக்கும் அதற்கும் அரை அடிகூட இல்லை.

அப்பா கத்தவில்லை. பேப்பரை மடித்தார். "இதுல எவ்ளோடா மிச்சம்?" என்றார்.

"ரெண்டாயிரத்து அறுநூறுப்பா."

"என் கால் அதுக்கு மேலேயே போகும்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு சிஏ-வுக்கு இதைவிடப் பெரிய ஆடிட் குறிப்பு யாரும் எழுத முடியாது. அதனால் இன்றைக்கு இரண்டு விஷயம் பார்ப்போம். ஒன்று, அந்த 2,600 ரூபாய் கணக்கில் எங்கே தப்பு. இரண்டு, அப்படியும் நானே செய்வேன் என்பவர்கள் ரேம்பை எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வேண்டும்.

முதலில் கணக்கு

கீழே இருப்பது என் சொந்த பில்கள். உங்கள் ஊர், உங்கள் காருக்கு மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

சர்வீஸ் சென்டரில் ஆயில், ஃபில்டர், லேபர், அதன்மேல் 18% ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எனக்கு வந்தது ரூ.4,900. நானே வாங்கினால் ஆயில், ஃபில்டர், வாஷர் சேர்த்து ரூ.2,300. மிச்சம் ரூ.2,600. வருடத்துக்கு ஒரு முறை.

ரேம்ப் ஜோடி ரூ.6,800. ஆக, இரண்டரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். வீடியோவில் நான் சொன்ன கணக்கு இதுதான்.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு: முதலீட்டைக் குறைத்துக் காட்டியது. ரேம்பை மட்டும் வைத்து யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி ரூ.2,600, டயருக்கு வைக்கும் கட்டைகள் ரூ.700, ரப்பர் மேட் ரூ.500, டார்க் ரெஞ்ச் ரூ.2,400, ஆயில் பிடிக்கும் தட்டு, கண்ணாடி, கையுறை ரூ.500. இவை மட்டும் ரூ.6,700. மொத்தம் ரூ.13,500. இப்போது காசு திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும்.

இரண்டாவது தப்புதான் பெரியது. 2,600 ரூபாயும் நான் காருக்கு அடியில் படுத்ததால் மிச்சமானது இல்லை! பெரும்பகுதி, ஆயிலை நானே வெளியில் வாங்கியதால் வந்தது. அதே ஆயிலையும் ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு, பள்ளமோ லிஃப்டோ வைத்திருக்கும் பக்கத்து ஒர்க் ஷாப்புக்குப் போனால் லேபர் எவ்வளவு? எங்கள் ஏரியாவில் ரூ.500. அப்போது மொத்தச் செலவு ரூ.2,800. மிச்சம் ரூ.2,100.

அதாவது 2,100 ரூபாய் எந்த ஆபத்தும் இல்லாமலேயே உங்களுக்குக் கிடைக்கிறது. காருக்கு அடியில் போவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் கூலி வெறும் 500 ரூபாய். எங்கள் பாடத்தில் இதற்கு மார்ஜினல் காஸ்டிங் என்று பெயர். மொத்தத்தைப் பார்க்காதே, அந்தக் கடைசி ஒரு படிக்கு என்ன வரவு, என்ன செலவு என்று பார். அப்படிப் பார்த்தால் 13,500 ரூபாய் முதலீடு திரும்ப 27 வருடம். கார் அவ்வளவு நாள் இருக்காது.

இன்னொன்று. கார் இன்னும் வாரண்டியில் இருந்தால், வாரண்டி புத்தகத்தில் சர்வீஸ் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் குறித்த நேரத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது வழக்கமாக வரும் நிபந்தனை. 500 ரூபாய்க்காக இன்ஜின் வாரண்டியைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம்.

சரி, "எனக்குக் காசு முக்கியம் இல்ல, நானே என் வண்டிய பார்த்துக்கிறதுல ஒரு சந்தோஷம்" என்கிறீர்களா? அது நியாயமான காரணம். ஆனால் அதைச் சேமிப்புப் பக்கத்தில் எழுதாதீர்கள், பொழுதுபோக்குச் செலவில் எழுதுங்கள். அப்போது ஜாக் ஸ்டாண்ட் வாங்கக் கை தயங்காது.

ரேம்ப் ஏன் ஓடுகிறது?

டயர் ரேம்பின் நுனியைத் தொடும் அந்த நொடியில் காரின் எடை இன்னும் தரையில்தான் இருக்கிறது, ரேம்ப் மேல் வரவில்லை. சில கிலோ எடையுள்ள பிளாஸ்டிக், கீழே வழுவழு டைல்ஸ், பின்னாலிருந்து தள்ளுகிற ஒரு டயர். ஓடாமல் என்ன செய்யும்? பயந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் மோசம். டயர் சுற்றி ரேம்பைப் பின்னால் வீசிவிடவும் வாய்ப்பு உண்டு.

இதற்கு எளிய வழி, ரேம்புக்கு அடியில் ரப்பர் மேட். ஆனால் மேட் ரேம்போடு முடிந்துவிடக் கூடாது. டயர் நிற்கும் இடம் வரை நீண்டு வர வேண்டும். டயர் முதலில் மேட்டின் வாலில் ஏறும், காரின் எடையே மேட்டைப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகுதான் ரேம்பைத் தொடும். அப்போது நகராது. நம் வீட்டு போர்டிகோக்களில் இருக்கும் மினுமினு டைல்ஸில், அதுவும் ஈரமாக இருந்தால், மேட் இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சொரசொரப்பான சிமெண்ட் தரைதான் நல்லது.

தரையைச் சோதியுங்கள்

நம் ஊரில் போர்டிகோ கட்டும்போதே மழைத் தண்ணீர் போக கேட் பக்கம் வாட்டம் கொடுத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. காருக்குத் தெரியும். வீட்டைப் பார்த்து நிற்கும் காரின் முன்பக்கத்தை ரேம்பில் ஏற்றினால், அது கேட் பக்கம் உருளத்தான் பார்க்கும். வாட்டமும் அதே பக்கம் என்றால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

சோதனை இதுதான்: காரை அந்த இடத்தில் நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுங்கள். காலை மெதுவாக விடுங்கள். கார் தானாக நகர்ந்தால் அந்த இடம் ரேம்புக்கு ஆகாது. அவ்வளவுதான், விவாதமே வேண்டாம்.

மண் தரையும் வேண்டாம். ஒரு பக்கம் அமுங்கினால் கார் சாய்ந்துவிடும். பேவர் பிளாக் போட்ட இடத்தில் கல் ஆடுகிறதா என்று பாருங்கள். அபார்ட்மெண்ட் பார்க்கிங் என்றால் தரை சமமாக இருக்கலாம், ஆனால் அது பொது இடம். பந்து உருண்டு வந்தால் பின்னாடியே ஒரு குழந்தை ஓடி வரும். அங்கே இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

எந்த ரேம்ப் வாங்குவது?

உங்கள் ஆர்சி-யில் காரின் வெற்று எடை இருக்கும். அதோடு உள்ளே இருக்கும் சாமானையும் சேர்த்துப் பாருங்கள். ரேம்பில் எழுதியிருக்கும் தாங்கும் எடை, ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். டயரின் அகலத்தைவிட ரேம்ப் அகலமாக இருக்க வேண்டும். மேலே டயர் உட்கார ஒரு குழிவும், முன்னால் போய் விழாமல் தடுக்க ஒரு தடுப்பும் இருக்க வேண்டும். பம்பர் தாழ்வான கார் என்றால், டயர் தொடும் முன்பே பம்பர் ரேம்பில் இடிக்கும். அதற்கு நீளமான, சாய்வு குறைந்த ரேம்ப் தேவை.

ஒன்றை மறக்காதீர்கள். டயர் ரேம்ப் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்த டயரைக் கழற்றவோ பிரேக் பேட் மாற்றவோ ரேம்ப் உதவாது. ஆயில் மாற்றுவது, அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது, இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் அது.

செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல், மரக்கட்டையை அடுக்கி ஏற்றுவது கூடவே கூடாது. ஹாலோ பிளாக் உடைவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் கொடுக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். டிக்கியில் இருக்கும் ஜாக்கி பஞ்சரான டயரை மாற்றத்தான். அதை நம்பி உள்ளே கையைக்கூட விடாதீர்கள்.

ஏற்றும்போது

முதலில் ஆட்களை நகர்த்துங்கள். காருக்கு முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை. தினமும் அங்கேயே உட்காருகிறவரானாலும் சரி. என் வீட்டில் நான் செய்த ஒரே பெரிய தப்பு இதுதான், மற்றதெல்லாம் சின்னத் தப்பு.

இரண்டு ரேம்பும் டயருக்கு நேராக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராக. உதவிக்கு ஒருவர் பக்கவாட்டில், தள்ளி நின்று சொல்ல வேண்டும். "வா, வா, நிறுத்து" என்ற வார்த்தைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை இறக்கிவிடுங்கள், பாட்டை அணைத்துவிடுங்கள்.

மெதுவாக, ஒரே சீராக ஏறுங்கள். மேலே போனதும் டயர் குழிவில் இறங்குவது உடம்புக்கே தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று போனால் தடுப்பைத் தாண்டி விழும். ஏறவில்லை என்றால் வேகமாக முயற்சி செய்யாதீர்கள். இறக்கி, ரேம்பைச் சரி செய்து, மறுபடி ஏற்றுங்கள்.

ஏறிய பிறகு, அடியில் போவதற்கு முன்

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். பெரும்பாலான கார்களில் அது பின் டயர்களை மட்டுமே பிடிக்கும்.

2. கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் "பி"யில். முன் டயர் இழுக்கும் கார்களில் இது ரேம்ப் மேல் இருக்கும் முன் டயர்களைப் பிடிக்கும். ஒன்று விட்டாலும் இன்னொன்று காப்பாற்றும்.

3. இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். வீட்டில் வேறு யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி.

4. தரையில் இருக்கும் இரண்டு பின் டயர்களுக்கும் பின்னால் கட்டை வையுங்கள். லாரி மேட்டில் நின்றால் கிளீனர் முதலில் குதித்து கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல வருட அனுபவம் அது. செங்கல் துண்டு வேண்டாம், டயருக்கு ஏற்ற வளைவுள்ள ரப்பர் கட்டையே வையுங்கள்.

5. மேனுவலில் ஜாக்கி வைக்கக் காட்டியிருக்கும் பலமான இடங்களுக்கு அடியில், வெளியில் இருந்தபடியே ஜாக் ஸ்டாண்டுகளைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். ரேம்ப் வழுக்கினால் காரின் எடை உங்கள் மேல் வராமல் இவற்றின் மேல் வர வேண்டும்.

6. பக்கத்தில் நின்று காரை நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். நகர்ந்தால், நீங்கள் இன்னும் வெளியில் இருக்கிறீர்கள் என்று சந்தோஷப்பட்டு இறக்கிவிடுங்கள்.

7. வீட்டில் ஒருவரிடம் "நான் அடியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஷட்டரைத் திறந்து வையுங்கள்.

காசை முழுங்கும் மூன்று சின்னத் தவறுகள்

ஓட்டிவிட்டு வந்த உடனே ஆயிலைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது போதும். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் திருப்பி மாட்டும்போது புது வாஷர் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். "எதுக்கும் இன்னொரு சுத்து" என்று இறுக்கினால் அலுமினிய சேம்பரில் மரை போய்விடும். தளர்வாக விட்டால் ஓடும்போது ஆயில் முழுதும் ஒழுகி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே 500 ரூபாய் விஷயம் இல்லை.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஒழுகும். தடவிப் பாருங்கள்.

ஆயில் அளவை ரேம்ப் மேல் பார்க்காதீர்கள், கார் சாய்ந்திருக்கிறது. ஸ்டாண்ட், கட்டைகளை எடுத்து, மெதுவாக இறக்கி, சமதரையில் சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். 2016-ஆம் வருட அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கே, என்ன பயம்?

மச்சான் அன்றைக்கு இதைத்தான் கேட்டார். நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கார் பாலிசியோடு வரும் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு ரூ.15 லட்சம், 2018-இல் இருந்து. அது காரின் பதிவு உரிமையாளருக்கு, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால். கார் மனைவி பெயரில் இருந்து, அடியில் படுத்தது கணவர் என்றால் அவர் ஓனர்-டிரைவர் கிடையாது. உதவிக்கு வந்த மச்சானும் கிடையாது. படியில் உட்கார்ந்த அப்பாவும் கிடையாது. உரிமையாளரே என்றாலும் மரணம், கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான் பணம். விலா எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஒன்றும் வராது. நின்ற காருக்கு அடியில் வேலை செய்ததை ஏற்பார்களா என்பதை உங்கள் பாலிசி வாசகத்தைக் காட்டி, கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கொள்ளும், நின்றுபோன சம்பளத்தைப் பார்க்காது. டேர்ம் பாலிசி மரணத்துக்கு மட்டும்தான். சம்பாதிக்க முடியாமல் படுத்திருக்கும் நாட்களுக்கு வாரா வாரம் பணம் வர வேண்டும் என்றால், அந்த வசதி உள்ள தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும். ரேம்ப் வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை, பைக் ஓட்டும் எல்லோருமே இதை யோசிக்கலாம்.

போல்ட் தளர்ந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால்? விபத்து இல்லாமல் வரும் மெக்கானிக்கல் பழுது சாதாரண கார் பாலிசியில் விலக்கு. செலவு உங்கள் கையில் இருந்துதான்.

கடைசியாக

மூன்று கேள்வி. கார் நகராத, வழுக்காத சிமெண்ட் தரை உங்களிடம் இருக்கிறதா? ஜாக் ஸ்டாண்ட், கட்டை, மேட் எல்லாம் வாங்கத் தயாரா? கூட ஒரு ஆள் இருப்பாரா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் நிதானமாகச் செய்யுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், ஆயிலை நீங்களே வாங்குங்கள், லேபரை மெக்கானிக்குக்குக் கொடுங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி அப்போதும் உங்கள் பாக்கெட்டில்தான்.

நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். ரேம்ப் ஜோடியை, சொந்தமாக சிமெண்ட் ஷெட் வைத்திருக்கும் ஒரு நண்பருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன், இந்த வரிசை முழுவதையும் ஒரு பேப்பரில் எழுதி ஒட்டி. 3,400 ரூபாய் நஷ்டம். அதை நான் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை, அனுபவத்துக்குக் கட்டிய ஃபீஸ் என்று எழுதிவிட்டேன்.

அப்பா இன்னும் அதே படியில்தான் பேப்பர் படிக்கிறார்.

உங்கள் சர்வீஸ் பில்லை எடுத்து, லேபர் எவ்வளவு, ஆயில் எவ்வளவு என்று இன்றைக்கே பிரித்துப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.